எக்ஸ்ரே ரூம் சந்தேகங்கள்: மெஷின் ஆன்ல இருந்தா கதிர் வந்துட்டே இருக்குமா?

போன இதழ்ல "எக்ஸ்ரே மெஷின் பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டது தான், நர்ஸ், டெக்னீஷியன், பேஷண்ட்டோட அம்மா, கிளினிக் நடத்துறவங்கன்னு நாலா பக்கமிருந்தும் கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்தத சேத்து, நீளமா இருந்தத சுருக்கி போட்டிருக்கேன். யார் பேரும் போடல, பாதி பேர் "எங்க இன்சார்ஜ் படிச்சிடுவாரு, பேர் வேணாம்"னு தான் எழுதியிருந்தாங்க. நான் டாக்டர் இல்ல, இருபது வருஷத்துக்கு மேல இந்த மெஷின்கள கழட்டி மாட்டி சர்வீஸ் பண்ணவன், அந்த பக்கத்துலேர்ந்து தான் பதில் வரும்.

கேள்வி: நான் ஆஸ்பத்திரில ஹவுஸ்கீப்பிங். எக்ஸ்ரே ரூம பெருக்கி துடைக்க போறப்ப மெஷின் ஆன்ல தான் இருக்கும், "உய்ய்"னு ஒரு சத்தம் வேற. கதிர் என் மேல பட்டுட்டே இருக்குமா? சுவத்துல ஒட்டிட்டு இருக்குமா?

ரெண்டுமே இல்லம்மா, நிம்மதியா பெருக்குங்க. எக்ஸ்ரே டியூப் நம்ம வீட்டு பல்பு மாதிரி தான், சுவிட்ச அமுக்குனா தான் கதிர், கைய எடுத்தா அந்த நொடியே முடிஞ்சுது. பல்ப அணைச்சப்புறம் வெளிச்சம் சுவத்துல ஒட்டிட்டு இருக்கா, அதே கதை தான். நெஞ்சு எக்ஸ்ரேன்னா கதிர் வர்ற நேரமே ஒரு நொடில பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அந்த "உய்ய்" சத்தம் ஃபேன், இல்லன்னா ஜெனரேட்டர் பெட்டி உள்ள ஏதாவது ஓடுற சத்தம். இந்த மெஷின் உள்ள கதிரியக்க பொருளே கிடையாது, கேன்சருக்கு கதிர் குடுக்குற சில பழைய மெஷின்கள்ல கோபால்ட்னு ஒண்ணு இருக்கும், அது வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டு தான் இவ்ளோ பயம்.

நீங்க பாத்துக்க வேண்டியது ரெண்டே விஷயம். கதவு மேல சிவப்பு லைட் எரிஞ்சா உள்ள போகாதீங்க, "அக்கா ஒரு நிமிஷம்"னு யாரு கூப்ட்டாலும் போகாதீங்க. இன்னொண்ணு, ஸ்ப்ரேய மெஷின் மேல நேரா அடிக்காதீங்க, துணில அடிச்சு துடைங்க, கன்சோல் பட்டன் இடுக்கு வழியா தண்ணி உள்ள இறங்குனா அப்புறம் நான் தான் வரணும்.

துடைக்கிற வேலை சின்ன வேலைன்னு நினைச்சுடாதீங்க. ஒரு தடவ ஒரு இடத்துல வர்ற பேஷண்ட் எல்லாருக்கும் வயித்துல ஒரே இடத்துல ஒரு வெள்ளை புள்ளி, எல்லாருக்கும் எப்படி ஒரே இடத்துல கல்லு இருக்கும்னு டாக்டருக்கு சந்தேகம் வந்து என்ன கூப்ட்டாங்க. டிடெக்டர, அதாவது கதிர வாங்கி படமாக்குற தட்ட, சந்தேகப்பட்டு அரை நாள் வீணாக்கிட்டேன், கடைசில டேபிள் ஓரத்துல கைய வச்சு தடவினா பிசுக்குன்னு ஒட்டுது. முந்தின நாள் சிந்துன கான்ட்ராஸ்ட் மருந்து (உள்ளுறுப்பு படத்துல எடுப்பா தெரியக் குடுக்குறது), காஞ்சு போய் ஒரு பொட்டு மாதிரி. அதுல அயோடின் இருக்குறதால எக்ஸ்ரேல பளிச்சுனு வெள்ளையா விழும். ஈரத்துணி வச்சு துடைச்சேன், அத்தன பேரோட கல்லும் ஒரே நேரத்துல கரைஞ்சு போச்சு.

கேள்வி: காலைல வந்ததும் டியூப் வார்ம்-அப் பண்ணனும்னு படிச்சேன், ஆனா எங்க சீனியர் "அதெல்லாம் பழைய மெஷினுக்கு, வெளில கூட்டம் நிக்குது, முதல் ஆள கூப்பிடு"ன்னு சொல்றாரு. யார் சரி?

நீங்க படிச்சது தான் சரி தம்பி, சீனியர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

டியூப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா அந்த அவசரமே வராது. ஒரு பக்கம் ஃபிலமென்ட் சூடாகி எலக்ட்ரான கிளப்பி விடுது, பல்லாயிரம் வோல்ட்ல அது பாய்ஞ்சு போய் எதிர்ல இருக்குற டங்ஸ்டன் தட்டுல மோதுது, அந்த தட்டு தான் ஆனோடு. மோதுற சக்தில சுமார் 1 சதவீதம் தான் எக்ஸ்ரேவா மாறும், மீதி 99-ம் வெறும் சூடு. அதுவும் மோதுற இடம் மில்லிமீட்டர் கணக்குல தான், ஒரே இடத்துல அடிச்சா உருகிடும்னு தான் தட்ட நிமிஷத்துக்கு 3,000 சுத்து, சில மெஷின்ல 10,000 சுத்து கிட்ட சுத்த விடுறாங்க. ராத்திரி முழுக்க சில்லுன்னு இருந்த அந்த தட்டு மேல காலைல எடுத்த எடுப்புல இடுப்பு எலும்பு சைடு வியூன்னு பெரிய எக்ஸ்போஷர் (படத்துக்காக ஒரு தடவ கதிர் விடுறது) ஒண்ண குடுத்தா என்ன ஆகும்? அடுப்புலேர்ந்து இறக்குன கண்ணாடி டம்ளர்ல பச்ச தண்ணி ஊத்துன கதை தான், இங்க தலைகீழா நடக்குது, அவ்ளோ தான். வெளிப்பக்கம் படார்னு சூடாகி விரியும், உள்பக்கம் இன்னும் சில்லுன்னு இருக்கும், தட்டு விரிசல் விட்டுடும்.

நான் ஒரு தடவ செத்துப்போன டியூப் ஒண்ண பிரிச்சு பாத்திருக்கேன், ஆனோடு நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் ஒரே கோடு, நகத்த வச்சா மாட்டுது. அது சுத்தறப்ப எடை ஒரு பக்கமா இழுத்து பேரிங்கும் போச்சு. அந்த பேரிங்குக்கு கிரீஸ் எண்ணெய் எதுவும் போட முடியாது, உள்ள வெற்றிடம், வெள்ளி மாதிரி உலோகத்த பூசி ஓட்டுறாங்க, ஒரு தடவ போனா போனது தான். வார்ம்-அப்னா என்ன பெரிய வேலை, மேனுவல்ல சொல்லியிருக்குற குறைஞ்ச அளவுல சில எக்ஸ்போஷர், நடுவுல கொஞ்சம் இடைவெளி, கதிர் வெளில வர்ற ஷட்டர் மூடியிருக்கணும், ரூம்ல யாரும் இருக்கக்கூடாது, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. லீவு விட்டு பல நாள் கழிச்சு ஆன் பண்றீங்கன்னா கண்டிப்பா பண்ணுங்க, வெற்றிடத்துல சேந்திருக்குற கொஞ்சநஞ்ச வாயு அப்ப தான் அடங்கும், இல்லன்னா முதல் எக்ஸ்போஷர்லயே உள்ள பொறி பறக்கும்.

இதோட சேத்து இன்னொண்ணு, யாரும் கேக்கல, நானே சொல்றேன். எக்ஸ்போஷர் சுவிட்ச பாதி அமுக்குனா ப்ரெப், முழுசா அமுக்குனா படம். ப்ரெப்ல விரல வச்சுக்கிட்டே "மூச்ச இழுங்க... இன்னும் இழுங்க... அசையாதீங்க... ஐயா கைய எடுங்க"ன்னு பேசிட்டே இருக்குற பழக்கம் நிறைய பேருக்கு. அந்த நேரம் முழுக்க ஃபிலமென்ட் முழு சூட்டுல எரியுது, ஆனோடு முழு வேகத்துல சுத்துது, டங்ஸ்டன் ஆவியாகி டியூப் உள்சுவத்துல கருப்பா படியுது. முதல்ல பேஷண்ட ரெடி பண்ணுங்க, அப்புறம் விரல வைங்க.

கேள்வி: லெட் ஏப்ரன மடிச்சு சேர் மேல போடக்கூடாதுன்னு ஏன் சொல்றாங்க? துணி தானே?

பாக்க துணி, உள்ள ஈயப்பொடி கலந்த ரப்பர் ஷீட்டு. மடிச்ச இடத்துல மெல்ல மெல்ல வெடிப்பு விடும், வெளி துணி நல்லா இருக்குறதால கண்ணுக்கு தெரியாது. நீங்க போட்டிருக்கீங்கன்னு நம்பிட்டு நிப்பீங்க, இடுப்பு மடிப்புல வெளிச்சம் மாதிரி கதிர் உள்ள வரும். ஹேங்கர்ல மாட்டுங்க, இல்ல பெரிய குழாய் மேல விரிச்சு போடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவயாவது ஏப்ரனையே எக்ஸ்ரே எடுத்து பாருங்க, ஃப்ளூரோ மெஷின் (எக்ஸ்ரேய வீடியோ மாதிரி ஓட விட்டு காட்டுறது) இருந்தா இன்னும் சுலபம், வெடிப்பு இருந்தா மின்னல் கோடு மாதிரி தனியா தெரியும். சந்தேகம் வந்த இடத்த முதல்ல விரலால அழுத்தி தடவிப் பாத்தாலே உள்ள கட்டி கட்டியா நகர்றது தெரிஞ்சிடும். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க. வாஷிங் மெஷின்ல போட்டு துவைச்ச மகராசனையும் பாத்திருக்கேன்.

0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்கு சமமான ஏப்ரன், சிதறி வர்ற கதிர்ல 95 சதவீதத்துக்கு மேல தடுத்துடும். கவனிங்க, சிதறி வர்ற கதிர தான் சொல்றேன். டியூப்லேர்ந்து நேரா வர்ற கதிருக்கு குறுக்க நிக்குறதுக்கு அது லைசென்ஸ் இல்ல, முக்கியமா கைய நீட்டாதீங்க. எடிசன்கிட்ட உதவியாளரா இருந்த கிளாரன்ஸ் டாலி தன் கையையே வச்சு வச்சு டியூப டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாரு, கை புண்ணாகி, வெட்டி எடுத்து, கடைசில 1904-ல இறந்தே போனாரு, அவர் பட்ட பாட்ட பாத்து எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுட்டாரு. அந்த காலத்துல யாருக்கும் தெரியாது, நமக்கு தெரியும்.

கேள்வி: வார்டுக்கு போர்ட்டபிள் எக்ஸ்ரே வந்தாலே நாங்க நர்ஸுங்க எல்லாம் காரிடார் கடைசி வரைக்கும் ஓடுறோம். எவ்ளோ தூரம் போனா போதும்?

ஓடி விழுந்து கால உடைச்சுக்கிட்டா அதுக்கு வேற ஒரு எக்ஸ்ரே எடுக்கணும், மெதுவா நடந்தே போங்க. ரெண்டு மீட்டர் போதும், அதுவும் டியூப் பாக்குற திசைல நிக்காம. பேஷண்ட் மேல பட்டு சிதறி வர்றது தான் உங்களுக்கு வரும், ஒரு மீட்டர் தள்ளி நின்னா பேஷண்ட் மேல விழுறதுல சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு. தூரம் ரெண்டு மடங்கானா கதிர் நாலுல ஒரு பங்கா குறையும், மூணு மடங்கானா ஒம்போதுல ஒரு பங்கு. ஆக ரெண்டு மீட்டர்ல நாலாயிரத்துல ஒரு பங்கு தான் மிச்சம். வென்டிலேட்டர் பேஷண்ட விட்டு நகர முடியலையா, ஏப்ரன் போட்டுட்டு அங்கயே நில்லுங்க, தப்பே இல்ல.

ஓட்டிட்டு வர்ற டெக்னீஷியன் "எக்ஸ்ரே!"ன்னு சத்தமா சொல்லிட்டு, ஒரு மூச்சு நேரம் நின்னு, சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு தான் அமுக்கணும். சொல்லிக்கிட்டே அமுக்குற ஆளுங்க இருக்காங்க, அவங்கள மட்டும் திட்டுங்க.

கேள்வி: டோஸ் பேட்ஜ்ல ரீடிங் ஏறிடக்கூடாதுன்னு ஒருத்தர் கழட்டி வச்சுட்டு வேலை செய்றாரு, இன்னொருத்தர் வேணும்னே எக்ஸ்ரே ரூம் உள்ளயே தொங்க விட்டுட்டு போறாரு. யார்கிட்ட சொல்றது?

ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல பூட்டி வச்சு பேச விடலாம். பேட்ஜ் கவசம் இல்ல, உங்க மேல எவ்ளோ கதிர் பட்டுச்சுன்னு காட்டுற கணக்கு நோட்டு. கழட்டி வச்சா கதிர் வராம போயிடுமா, எவ்ளோ வந்துச்சுன்னு தெரியாம போகும், நாளைக்கு ஏதாவதுன்னா கைல ஒரு ஆதாரமும் இருக்காது. உள்ள தொங்க விட்டவரோட ரீடிங் திடீர்னு எகிறுனா விசாரணை வரும், அவரையே கொஞ்ச நாள் அந்த வேலைலேர்ந்து தள்ளி வைப்பாங்க. உங்க ஆஸ்பத்திரி கதிர் பாதுகாப்பு அதிகாரிகிட்ட சொல்லுங்க, அது போட்டுக் குடுக்குறது ஆகாது.

நெஞ்சுல, ஏப்ரனுக்கு உள்பக்கம் போடுங்க. வேலை முடிஞ்சா ரூமுக்கு வெளில, கன்ட்ரோல் பேட்ஜ் (யாரும் போடாம, ஒப்பிட்டு பாக்க வச்சிருக்குறது) இருக்குற இடத்துல மாட்டுங்க. சர்வதேச கதிர் பாதுகாப்பு ஆணையம் சொல்ற அளவு, வேலை செய்றவங்களுக்கு அஞ்சு வருஷ சராசரில வருஷத்துக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்குற கதிர அளக்குற அலகு), எந்த ஒரு வருஷமும் 50-ஐ தாண்டக்கூடாது, பொதுமக்களுக்கு 1. கண் லென்ஸுக்கு முன்னாடி 150 இருந்தத 2011-ல 20-ஆ இறக்கிட்டாங்க, அதனால கேத் லேப் (எக்ஸ்ரே பாத்துக்கிட்டே இதய ரத்தக்குழாய்ல வேலை பண்ற ரூம்) ஆளுங்க ஈயக் கண்ணாடிய அழகுக்குன்னு நினைக்காம போடுங்க. சாதாரண எக்ஸ்ரே ரூம்ல ஒழுங்கா தடுப்புக்கு பின்னாடி நிக்குறவங்களுக்கு ரீடிங் பெரும்பாலும் சுண்டக்காய் அளவு தான் வரும்.

கேள்வி: நான் டெக்னீஷியன், ரெண்டு மாசம் முழுகாம இருக்கேன். இப்பவே சொல்லணுமா, தெரிய ஆரம்பிச்சப்புறம் சொன்னா போதுமா?

இன்னைக்கே சொல்லுங்கம்மா, எழுத்துல குடுங்க. சொன்ன நாள்லேர்ந்து பிரசவம் வரைக்கும் வயித்துல இருக்குற குழந்தைக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல போகக்கூடாதுங்கறது தான் அளவு, நீங்க சொன்னா தானே அவங்க அந்த கணக்க ஆரம்பிக்க முடியும். வேலைய விட வேண்டியதில்ல, தடுப்புக்கு பின்னாடி நிக்குற வேலை பண்ணலாம், ஃப்ளூரோ, போர்ட்டபிள், குழந்தைய பிடிச்சுக்குறது இதெல்லாம் வேற ஆள் பாக்கட்டும்.

கேள்வி: டிஜிட்டல் மெஷின் வந்தப்புறம் எவ்ளோ குடுத்தாலும் படம் நல்லா தான் வருது. அப்புறம் எதுக்கு இந்த கேவி (டியூப் வோல்டேஜ்), எம்ஏஎஸ் (கதிரோட அளவு) எல்லாம் பாத்து பாத்து வைக்கணும்?

இந்த கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு, இது தான் இந்த காலத்து நோய். ஃபிலிம் காலத்துல அதிகமா குடுத்தா ஃபிலிம் கருத்துடும், டாக்டர் தூக்கி எறிவாரு, அடுத்த தடவ கை தானா குறைக்கும். டிஜிட்டல்ல கம்மியா குடுத்தா மணல் தூவுன மாதிரி படம் வரும், டாக்டர் திட்டுவாரு, அதிகமா குடுத்தா இன்னும் வழவழன்னு அழகா வரும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. திட்டு ஒரு பக்கம் மட்டும் விழுந்தா மனுஷன் கை எந்த பக்கம் போகும்? கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே போவாங்க. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா தேவைய விட ரெண்டு மடங்கு போயிட்டு இருக்கும், படத்துல ஒரு அடையாளமும் இருக்காது.

அதனால தான் ஒவ்வொரு படத்து ஓரத்துலயும் டிடெக்டருக்கு எவ்ளோ கதிர் வந்துச்சுன்னு காட்டுற எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் வருது, அதோட டிவியேஷன் இண்டெக்ஸ்னு இன்னொண்ணு. டிவியேஷன் பூஜ்யம்னா சரியா குடுத்திருக்கீங்க, பிளஸ் 3-ன்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மைனஸ் 3-ன்னா பாதி. டெக்னீஷியன் பத்து பேர கேட்டேன், அந்த நம்பர தினம் பாக்குறேன்னு சொன்னது ரெண்டு பேர் தான்.

கூடவே ரீஜெக்ட் கணக்கு. டிலீட் பண்ணது எத்தன, ஏன்னு மாசா மாசம் பாருங்க, பேஷண்ட் அசைஞ்சதா, பொசிஷன் தப்பா, இல்ல மெஷின் சேட்டையா. ஒரு ரீடேக்னா அந்த ஆளுக்கு டோஸ் நேரா ரெண்டு மடங்கு, எந்த ஏப்ரனும் அத திருப்பி எடுத்துடாது. ஒரு தடவ ஒரு ரூம்ல மட்டும் ரீஜெக்ட் கூடிட்டே போச்சு, ஆள மாத்தி ஆள திட்டுனாங்க, கடைசில பாத்தா பக்கி டிரேல (டேபிளுக்கு அடியில டிடெக்டர் உக்கார்ற தட்டு) லாக் தேஞ்சு போய் டிடெக்டர் ஒவ்வொரு தடவையும் விரல் அளவு சரியுது, படத்துல ஒரு பக்கம் வெட்டுப்படுது. ஒரு சின்ன ஸ்பிரிங். அதுக்கு எத்தன பேர் ரெண்டாவது தடவ சட்டைய கழட்டுனாங்களோ.

கேள்வி: என் பையனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாங்க. முன்னாடியெல்லாம் பிறப்புறுப்ப மறைக்க ஒரு ஈயத்தட்டு வைப்பாங்களே, இந்த தடவ வைக்கல. அலட்சியமா?

அலட்சியமா இருக்கணும்னு அவசியம் இல்லம்மா, நடைமுறையே மாறிட்டு வருது. அம்பது வருஷத்துக்கு மேல எல்லாரும் வச்சாங்க. 2019-ல அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இத வழக்கமா வைக்கிறத நிறுத்தலாம்னு அறிவிச்சாங்க, மத்தவங்களும் அந்த பக்கம் வந்துட்டாங்க. ஏன்னா அந்த தட்டு நகர்ந்து டாக்டர் பாக்க வேண்டிய எலும்பையே மறைச்சா ரீடேக், அது மட்டுமில்ல, டோஸ தானா கணக்கு பண்ற மெஷின்ல தட்டு சென்சார மறைச்சா "வெளிச்சம் பத்தல"ன்னு நினைச்சு மெஷினே கூட்டி அடிக்கும். காப்பாத்த வச்சதே கெடுத்துடும். பிறப்புறுப்புக்கான ஆபத்து முன்ன நினைச்சத விட கம்மின்னும் கணக்கு மாறியிருக்கு.

அதுக்கு பதிலா நீங்க கவனிக்க வேண்டியது அந்த லைட் கட்டம். பையன் மேல விழுற வெளிச்சம் இடுப்பு அளவுக்கு சுருக்கி இருக்கா, இல்ல தலைலேர்ந்து கால் வரைக்கும் பரந்து கிடக்கா? சுருக்கி இருந்தா அந்த டெக்னீஷியன் வேலை தெரிஞ்சவர். பையன பிடிச்சுக்கச் சொன்னா ஏப்ரன் கேட்டு வாங்கிக்கோங்க, உங்க கை அந்த வெளிச்சத்துக்குள்ள வரக்கூடாது, கர்ப்பமா இருந்தா வேற யாராவது பிடிக்கட்டும்.

கேள்வி: எக்ஸ்ரே எடுத்தா முடி கொட்டுமா?

1896-ல அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழகத்துல டியூப ஒருத்தர் தலை கிட்ட வச்சு ஒரு மணி நேரம் ஓட விட்டாங்க, மூணு வாரத்துல முடி கொட்டுச்சு. இப்ப நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவெர்ட், பூமியும் வானமும் சும்மாவே மூணு நாள்ல நமக்கு குடுக்குற அளவு. முடி கொட்டுதுன்னா வேற டாக்டர பாருங்க.

கேள்வி: கிளினிக்குக்கு பழைய எக்ஸ்ரே மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நானே எதையாவது பாக்க முடியுமா?

வாங்கி மாட்டுனப்புறம், தகுதியானவங்க வந்து மீட்டர் வச்சு அளந்து, உங்க நாட்டு ஒழுங்குமுறை அமைப்போட அனுமதி வராம ஒரு பேஷண்ட கூட படுக்க வைக்காதீங்க, அது முதல் விஷயம். டியூப் கவசத்துலேர்ந்து வர்ற கதிர் கசிவு ஒரு மீட்டர் தூரத்துல மணிக்கு 1 மில்லிகிரே (இதுவும் கதிர் அளவோட அலகு தான்) தாண்டக்கூடாது, 70 கேவிக்கு மேல ஓடுற மெஷினுக்கு மொத்த ஃபில்டர் (தோலோட நின்னுடுற பலவீனமான கதிர வடிகட்டுற தகடு) குறைஞ்சது 2.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு சமமா இருக்கணும். கழட்டி மாட்டுறப்ப அந்த ஃபில்டர் தகட்ட திருப்பி வைக்க மறந்துட்டா படம் நல்லாவே வரும், பேஷண்ட் தோலுக்கு தான் தேவையில்லாத கதிர் போகும், அதனால சர்டிபிகேட்ல அந்த வரிய தேடிப் பாருங்க.

மெஷின் மாட்டி அனுமதி வந்தப்புறம் நீங்களே பாக்கக்கூடிய டெஸ்ட்டு ஒண்ணு இருக்கு, ஒம்போது நாணயம் போதும். டேபிள் மேல டிடெக்டர வச்சு, ஒரு மீட்டர் உயரத்துல டியூப வச்சு, லைட் கட்டத்த போடுங்க. கட்டத்தோட ஒவ்வொரு ஓரத்துலயும் ரெண்டு நாணயத்த ஒண்ண ஒண்ணு தொடுற மாதிரி வைங்க, ஒண்ணு வெளிச்சத்துக்கு உள்ள, ஒண்ணு வெளில, தொடுற இடம் சரியா ஓரத்துல. ஒம்போதாவத உள்ள ஒரு மூலைல போடுங்க, எது எந்த பக்கம்னு தெரியும். படம் எடுத்தா கதிர் விழுந்த ஓரம் நாணயம் ரெண்டும் தொடுற இடத்துல வரணும், ஒரு மீட்டர் தூரத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல விலகுனா வெளிச்சம் ஒரு இடத்த காட்டுது, கதிர் வேற இடத்துல விழுதுன்னு அர்த்தம். கொலிமேட்டர் (அந்த லைட் கட்டத்த போடுற பெட்டி) பல்ப மாத்துனா ஒவ்வொரு தடவையும் இத பண்ணுங்க, பல்பு ஒரு சுண்டுவிரல் அகலம் தள்ளி உக்காந்தா போதும், எல்லாம் கோணிடும்.

ஆனா கவர மட்டும் திறக்காதீங்க. பிளக்க புடுங்கிட்டா கூட உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கி இருக்கும், சர்வீஸ்காரங்களே அத டிஸ்சார்ஜ் பண்ணிட்டு தான் கைய விடுவோம்.

கேள்வி: டியூப் பக்கம் லேசா ஒரு வாசனை வந்துச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், சரியாயிடுச்சு. சொல்லணுமா?

சொல்லணும், முதல்ல லாக் புக்ல நேரத்தோட எழுதணும், "சரியாயிடுச்சு"ங்கற வார்த்தைய மட்டும் எழுதக்கூடாது. டியூப சுத்தி கவசத்துக்குள்ள எண்ணெய் நிரப்பியிருக்கும், சூட்ட இழுக்கவும் ஹைவோல்டேஜ் பாயாம தடுக்கவும் அது தான். அது குறைஞ்சு உள்ள காத்து குமிழி வந்தா ஒரு நாள் உள்ளயே மின்னல் அடிக்கும்.

ஒரு ஆஸ்பத்திரிக்கு வேற ஒரு வேலைக்கு போயிருந்தேன், டேபிள் விரிப்புல ஒரு ரூபா அளவுக்கு கறை, டெக்னீஷியன் தம்பி "ஏதோ மருந்து சார், ரெண்டு நாளா துடைச்சுட்டு தான் இருக்கேன், திரும்ப வருது"ன்னு ஒரு பழைய துணிய காட்டுனாப்ல, அடுத்த பேஷண்ட் வேற கதவு கிட்ட நின்னுட்டு இருந்தாரு. நான் அந்த துணிய வாங்கி மோந்து பாத்தேன், மேல டியூப் மூட்டுல விரல வச்சு தடவுனேன், வழவழன்னு இருந்துச்சு. அப்படியே போய் மெயின ஆஃப் பண்ணிட்டு, பேஷண்ட பக்கத்து ரூமுக்கு அனுப்பச் சொன்னேன்.